பிறந்தநாளைத் தொடாத விடுமுறை

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 22 ஒரு திங்கட்கிழமை. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளும் அதுவே. அவர் பிறந்தநாள் விடுமுறையை இனித் திங்கட்கிழமையில்தான் கொண்டாடுவது என்று அந்நாட்டு அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. சட்டம் நடப்புக்கு வந்த முதல் வருடமும் 1971தான். தேதியும் கிழமையும் தாமாகவே கூடிவந்த நாள். ஆனாலும் மத்திய அரசு அலுவலகங்களுக்கு அன்று விடுமுறை இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே, பிப்ரவரி 15 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளைக் கொண்டாடி முடித்திருந்தார்கள்.

அலுவலகக் குளறுபடி ஏதும் இல்லை. சட்டம் சொன்னபடிதான் நடந்தது. 1968 ஜூன் 28 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், சில தேசிய விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தியது. வாரத்தின் நடுவில் வேலை தடைப்படாது, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் ஓய்வு கிடைக்கும், குடும்பங்கள் வெளியூர் போய்வரலாம் என்பது நோக்கம். வாஷிங்டனுக்குப் பிப்ரவரியின் மூன்றாம் திங்கள் ஒதுக்கப்பட்டது. இங்கேதான் கணக்கு விளையாடுகிறது. எந்த மாதத்திலும் முதல் திங்கட்கிழமை 1ஆம் தேதிக்கும் 7ஆம் தேதிக்கும் இடையில் வந்தே தீரவேண்டும். அப்படியானால் மூன்றாம் திங்கள் 15க்கு முன் வர முடியாது, 21ஐத் தாண்டவும் முடியாது. 22 திங்கட்கிழமையாக வந்தால் அது எப்போதுமே நான்காம் திங்கள். ஆக, வாஷிங்டன் பிறந்தநாள் என்று சட்டப் புத்தகத்தில் இன்றும் பெயர் தாங்கி நிற்கும் விடுமுறை, வாஷிங்டனின் பிறந்தநாளில் ஒருபோதும் வராது. மிக நெருங்கி வரும் ஆண்டிலும் ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் நழுவுகிறது.

ஆபிரகாம் லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12. இரண்டு பெரியவர்களுக்கும் நடுவில் விழுவதால் மக்கள் வழக்கில் இது 'அதிபர்கள் தினம்' ஆகிவிட்டது. மெத்தைக் கடைகளும் கார் விற்பனையாளர்களும் தள்ளுபடி அறிவிப்பது அந்தப் பெயரில்தான். சரி, வேறு அதிபர் யாராவது அந்த ஏழு நாட்களுக்குள் பிறந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தால் அதுவும் இல்லை. பிப்ரவரியில் பிறந்த அமெரிக்க அதிபர்கள் நான்கே பேர்: ரீகன் 6, வில்லியம் ஹென்றி ஹாரிசன் 9, லிங்கன் 12, வாஷிங்டன் 22. அதிபர்களுக்கான நாள் எந்த அதிபரின் பிறந்தநாளையும் தொடாமல் போய்வருகிறது.

இது வரைக்கும் சட்டத்தின் வேடிக்கை. இதற்கு அடியில் இன்னும் பழைய வேடிக்கை ஒன்று இருக்கிறது. வானத்தோடு சம்பந்தப்பட்டது.

வாஷிங்டன் குடும்பத்து பைபிளில் அவர் பிறப்பைக் குறித்துவைத்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில், போப்ஸ் கிரீக் என்ற ஓடைக்கரையில் பிறந்த அந்தக் குழந்தைக்கு அதில் எழுதப்பட்டிருக்கும் தேதி பிப்ரவரி 11, காலை சுமார் 10 மணி. ஆண்டு இன்னும் விசித்திரம்: 1731/2 என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு ஐயம் எதுவும் இல்லை. அன்றைய ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். அதனால் பிப்ரவரி 11 அன்று இன்னும் 1731தான் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவின் பெரும்பாலான பிற நாடுகளிலோ ஜனவரி முதலே 1732 தொடங்கியாகிவிட்டது. இரண்டு கணக்கையும் அறிந்தவர்கள், குழப்பம் வேண்டாமென்று இரண்டையுமே எழுதிவைத்தார்கள்.

ஆண்டின் கதை இது. 11ஆம் தேதி 22 ஆன கதைக்குச் சூரியனிடம் போக வேண்டும்.

ஒரு வசந்தத்தில் பகலும் இரவும் சமமாக இருக்கும் கணத்திலிருந்து அடுத்த வசந்தத்தின் அதே கணம் வரை எண்ணினால் சராசரியாக 365 நாள், 5 மணி, ஏறத்தாழ 49 நிமிடம் ஆகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதற்கும் சூரியனைச் சுற்றுவதற்கும் இடையில் எந்த உடன்படிக்கையும் கிடையாது. ஒரு சுற்று முடியும்போது மற்றது முழு எண்ணில் நிற்க வேண்டும் என்று இயற்கையில் விதி ஏதும் இல்லை. சூரியனைப் பின்பற்றும் நாள்காட்டி என்று மனிதர்கள் செய்த எல்லாமே இந்த உபரி ஐந்தே முக்கால் மணி நேரச் சொச்சத்தோடு செய்துகொண்ட சமரசங்கள்தான்.

ஜூலியஸ் சீசரின் சமரசம் எளிமையானது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டு; சராசரி ஆண்டு 365 நாள் 6 மணி ஆகிவிடும். உண்மைக்கும் இதற்கும் ஆண்டுக்குப் பதினொரு நிமிடச் சொச்சம்தான் வித்தியாசம். ஒரு மனித வாழ்நாளில் யாருக்கும் தெரியாது. ஆனால் 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகிறது. கிறிஸ்தவத் திருச்சபை ஈஸ்டர் நாளைக் கணக்கிட மார்ச் 21ஐ வசந்தத்தின் சமநாளாக வைத்திருந்தது. கி.பி. 325இல் நைசியாவில் கூடிய சபையின் காலத்துக்கு அது பொருந்தியது. பதினாறாம் நூற்றாண்டில் பார்த்தால் சூரியன் அந்த இடத்துக்கு மார்ச் 11ஆம் தேதியே வந்துவிடுகிறது. நாள்காட்டி பத்து நாள் பின்தங்கிவிட்டது. இப்படியே விட்டால் ஈஸ்டர் மெல்ல மெல்லக் கோடைக்குள் நகர்ந்துபோகும்.

லூயிஜி லிலியோ என்ற இத்தாலிய மருத்துவர் ஒரு திருத்தம் யோசித்தார். நூறால் வகுபடும் ஆண்டுகளில் கூடுதல் நாளை விட்டுவிடுவது. நானூறால் வகுபட்டால் மட்டும் வைத்துக்கொள்வது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற சேசு சபைக் கணிதர் அதை விளக்கி வாதாடினார். போப் பதிமூன்றாம் கிரெகோரி ஆணையிட்டார். 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 என்று ஆனது. சராசரி ஆண்டு இப்போது 365.2425 நாள். உண்மையான 365.2422க்கு இது எவ்வளவு நெருக்கமென்றால், ஒரு நாள் பிசகுவதற்கு மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பிடிக்கும். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே செய்த கணக்கு இது.

ஆனால் ஆணையிட்டவர் போப். கத்தோலிக்க நாடுகள் ஏற்றுக்கொண்டன, புராட்டஸ்டன்ட் நாடுகள் முகம் திருப்பிக்கொண்டன. சூரியனோடு பிணங்கினாலும் பரவாயில்லை, ரோமாபுரியோடு இணங்க வேண்டாம் என்ற பிடிவாதத்தை இங்கிலாந்து 170 ஆண்டு காப்பாற்றியது. இதற்கிடையில் 1700ஆம் ஆண்டு வந்தது. பழைய கணக்கில் அது லீப் ஆண்டு, புதிய கணக்கில் இல்லை. பத்து நாள் இடைவெளி பதினொன்றானது. அந்தப் பதினொன்றுதான் வாஷிங்டனின் 11ஐ 22 ஆக்கிய எண்.

இந்த இடைவெளி நம் கரையிலும் நடமாடியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் ஆங்கிலேயர், அங்கிருந்து வடக்கே ஒரு நாள் நடைக்குள் அடங்கும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். பிரான்ஸ் 1582 டிசம்பரிலேயே புதிய கணக்குக்கு மாறிவிட்டது. ஆக, காலையில் ஓரிடத்தில் புறப்பட்டு மாலையில் மற்றதைச் சேரும் ஆள் பதினொரு நாளைத் தாண்டிப் போயிருப்பார். 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. வென்றவர்களின் கணக்கில் செப்டம்பர் 21. தோற்றவர் தேதி வேறு, வென்றவர் தேதி வேறு! அதே நாட்களில் புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் வருடப் பெயர், தமிழ் மாதம், தமிழ்த் தேதி, கிழமை என்று குறித்துக்கொண்டே போகிறார். இந்த இரண்டு வெள்ளைக்காரக் கணக்குகளின் சண்டையும் அவருடைய பஞ்சாங்கத்தைத் தொடவில்லை.

கடைசியில் இங்கிலாந்தும் இறங்கிவந்தது. செஸ்டர்ஃபீல்டு பிரபு நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். கணக்குகளுக்குத் துணை நின்றவர் அரச வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று ஆங்கிலேய ஆட்சி இருந்த இடமெல்லாம் அது செல்லும் என்று எழுதப்பட்டதால் சென்னைக்கும் வர்ஜீனியாவுக்கும் ஒரே சட்டம். புத்தாண்டு ஜனவரி 1க்கு மாறியது. அதனால் 1751ஆம் ஆண்டுக்கு மார்ச் 25 முதல் டிசம்பர் 31 வரை 282 நாட்களே ஆயுள். அடுத்த ஆண்டிலோ செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை காலையில் எழுந்தார்கள். லீப் ஆண்டாக இருந்தும் 1752க்கு 355 நாள்தான். எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு என்று மக்கள் தெருவில் கலகம் செய்ததாகப் பாடப்புத்தகங்கள் வரை ஒரு கதை உலவுகிறது. வரலாற்றாய்வாளர்கள் தேடிப் பார்த்து, அப்படிக் கலகம் நடந்ததற்குச் சான்று இல்லை என்கிறார்கள். ஓவியர் ஹோகார்த்தின் தேர்தல் நையாண்டிப் படம் ஒன்றில் கீழே கிடக்கும் பதாகையிலிருந்து கிளம்பிய கதை அது.

கலகம் நடக்காமல் இருந்ததற்கு அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் முன்யோசனையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. குத்தகை, கடன், வட்டி, வேலை ஒப்பந்தம் எல்லாம் எத்தனை நாளுக்கு என்று பேசப்பட்டதோ அத்தனை நாளும் உண்மையாகவே கழிய வேண்டும் என்று எழுதினார்கள். ஒருவருக்கு 21 வயது நிறைவதும் அப்படித்தான். பதினொரு நாள் முன்கூட்டி யாரும் வயதுக்கு வந்துவிட முடியாது. அப்போது வாஷிங்டனுக்கு வயது இருபது. பதினேழு வயதிலேயே கல்பெப்பர் மாவட்டத்தின் நில அளவையாளராக நியமனம் பெற்றவர், திசைகாட்டியையும் சங்கிலியையும் வைத்துக்கொண்டு காட்டு நிலங்களை அளந்துகொண்டிருந்தவர். புதிய நாள்காட்டியில் 1753 பிப்ரவரி 11 வந்தபோது அவர் பிறந்து இருபத்தொரு ஆண்டு முழுதாகக் கழிந்திருக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் மேஜரானது பிப்ரவரி 22 அன்று. அவர் பிறந்தநாள் 22க்கு நகர்ந்ததற்குப் பின்னால் இருப்பது இந்த நேர்மையான நாள் எண்ணிக்கைதான்.

இருந்தாலும் ஊரார் விடவில்லை. வாஷிங்டனின் வீடு இருந்த மவுண்ட் வெர்னனுக்குப் பக்கத்து ஊர் அலெக்சாண்டிரியா. அங்கே பழைய தேதியிலேயே விழா எடுத்தார்கள். 1799 பிப்ரவரி 11 அன்று அவர் அங்கே போனதும், படை அணிவகுப்பும் இரவில் நடனமும் விருந்தும் நடந்ததும் அவர் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. பதினொரு நாள் கழித்து 22ஆம் தேதி, அவர் வீட்டில் வளர்ந்த மனைவியின் பேத்தி நெல்லி கஸ்டிஸுக்கும் தன் சகோதரி மகன் லாரன்ஸ் லூயிஸுக்கும் மவுண்ட் வெர்னனில் கல்யாணம் நடத்திவைத்தார். ஒரே மாதத்தில் இரண்டு பிறந்தநாள், இரண்டும் கொண்டாட்டம். அவருடைய கடைசிப் பிறந்தநாள் அது. அந்த டிசம்பரில் காலமானார்.

இதில் எது சரியான பிறந்தநாள்? நம்மைக் கேட்டால், நட்சத்திரம் என்ன என்றுதான் முதலில் கேட்போம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிறந்தநாள் என்றால் பூமி தன் பாதையில் அதே இடத்துக்குத் திரும்பி வரும் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'அதே இடம்' என்பதை எதை வைத்து அடையாளம் காண்பது? பருவங்களை வைத்தா, விண்மீன்களை வைத்தா?

இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்கர் பழைய வானக் குறிப்புகளைத் தன் குறிப்புகளோடு ஒப்பிட்டபோதுதான், சமநாள் அன்று சூரியன் நிற்கும் இடம் விண்மீன்களுக்கு நடுவே மெல்ல நகர்வது தெரியவந்தது. பூமி சரியான உருண்டை இல்லை. இடுப்பில் சற்றே பருத்தது. அந்தப் பருமனைச் சூரியனும் சந்திரனும் இழுக்கின்றன. வேகம் குறையாத பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோல் பூமியின் அச்சு வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டு. பருவங்களைத் தீர்மானிப்பது அச்சின் சாய்வு. அச்சே திரும்பிக்கொண்டிருப்பதால், பூமி விண்மீன்களைப் பொறுத்து ஒரு சுற்றை முடிப்பதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பாகவே பருவங்களின் சுற்று முடிந்துவிடுகிறது. இந்த வட்டத்துக்குள் சின்னதாக ஒரு தலையசைப்பும் உண்டு, 18.6 ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்ப வரும். அதைக் கண்டுபிடித்தவர், இங்கிலாந்தின் நாள்காட்டித் திருத்தத்துக்குக் கணக்குப் பார்த்த அதே ஜேம்ஸ் பிராட்லி. இருபது ஆண்டு விண்மீன்களைப் பார்த்து எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே வெளியே சொன்னார். இப்படிப்பட்ட ஒரு மனிதரிடம் பதினொரு நாளைக் கொடுத்து வெட்டச் சொன்னது இங்கிலாந்தின் அதிர்ஷ்டம்.

கிரெகோரி நாள்காட்டி பருவங்களைப் பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பஞ்சாங்கம் விண்மீன்களைப் பிடித்துக்கொண்டது. சூரியன் நட்சத்திர ராசிக்குள் நுழைவதை வைத்து மாதம் பிறக்கிறது. எது உயர்ந்தது என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. ஆனால் ஆண்டுக்கு இருபது நிமிடம் சேர்ந்துகொண்டே போவதால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. வாஷிங்டன் பிறந்த காலத்தில் சித்திரை முதல் நாள் இன்றைய கணக்கில் ஏப்ரல் 9, 10 வாக்கில் வந்தது. இப்போது 14. அவர் பிறந்தது மாசி மாதத்தின் நடுவாக்கில். அன்று சூரியன் விண்மீன்களுக்கிடையே நின்ற அதே இடத்துக்கு இப்போது வந்து சேர்வது பிப்ரவரி 26 வாக்கில். போப்பின் கணக்கை ஏற்காமல் சீசரின் கணக்கிலேயே பிடிவாதமாக நின்றிருந்தால், பழைய பிப்ரவரி 11 இன்று 24ஆம் தேதி வந்திருக்கும். 1800இலும் 1900இலும் இடைவெளி ஒவ்வொரு நாள் கூடியிருக்கிறது. ஆக ஒரே மனிதருக்கு 11, 22, 24, 26 என்று நான்கு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம். சட்டம் கொடுத்த 15 முதல் 21 வரையிலான ஏழு தேதிகளுக்கு மட்டும் வானத்தில் எந்த நியாயமும் இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் பிடித்துக்கொண்ட கிழமைக்கு ஒரு பெருமை உண்டு. 1582இல் பத்து நாள் வெட்டியபோது வியாழனுக்கு அடுத்து வெள்ளிதான் வந்தது. 1752இல் பதினொரு நாள் வெட்டியபோது புதனுக்கு அடுத்து வியாழன். ஆண்டின் தொடக்கத்தை மாற்றினார்கள், மாதத்தைக் குதறினார்கள், கிழமையில் யாரும் கைவைக்கவில்லை. ஆண்டுக்குச் சூரியன் ஆதாரம், மாதத்துக்குச் சந்திரன், நாளுக்குப் பூமியின் சுழற்சி. ஏழு நாள் வாரத்துக்கு வானத்தில் அப்படி ஓர் அச்சாணி கிடையாது. மனிதர்கள் விடாமல் எண்ணிக்கொண்டே வருவதால் மட்டும் அது இருக்கிறது. பிடிமானம் எதுவும் இல்லாத இதுவே உறுதியாக நின்றது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். திருத்த வேண்டிய அவசியம் வரவில்லை என்பதே அதன் பலம் போலும். சூரியனோடு ஒத்துப்போக வேண்டிய கடமை இல்லாத கணக்கு எப்படிப் பிசகும்?

அதனால் வாஷிங்டனின் பிறப்பில் சண்டையே இல்லாத ஒரு விவரம் கிழமை. பிப்ரவரி 11 என்றாலும் 22 என்றாலும், 1731 என்றாலும் 1732 என்றாலும், அவர் பிறந்தது வெள்ளிக்கிழமை. மவுண்ட் வெர்னனில் கல்யாணம் நடந்த அந்தப் பிப்ரவரி 22கூட ஒரு வெள்ளிக்கிழமைதான்.

திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கும் பழக்கமும் 1968இல் முளைத்ததில்லை. 1781இல் அமெரிக்கரின் துணைக்கு வந்திருந்த பிரெஞ்சுப் படையின் தளபதி ரோஷாம்போ, நியூபோர்ட்டிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிப்ரவரி 11 ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால், அவர் பிறந்தநாளைத் தங்கள் படை மறுநாள் திங்களன்று கொண்டாடுவதாக அதில் தெரிவித்தார். வாஷிங்டன் உயிரோடு இருக்கும்போதே, நாடு முழுதாக விடுதலை பெறுவதற்கு முன்பே, அவர் பிறந்தநாள் ஒருமுறை திங்கட்கிழமைக்குப் போய்விட்டது. நூறாண்டு கழித்தும் ஞாயிறு குறுக்கே வந்தது. தலைநகரில் 1885இல் வாஷிங்டன் நினைவுத் தூணை நாட்டுக்கு அர்ப்பணித்த விழா பிப்ரவரி 21, சனிக்கிழமை நடந்தது, 22 ஞாயிறு என்பதால். அந்தப் பிறந்தநாளைத் தலைநகரின் அரசு ஊழியர்களுக்கு விடுமுறையாக்கும் சட்டம் 1879இல் வந்திருந்தது. மற்ற ஊர்களின் மத்திய அரசு ஊழியர்களுக்கும் அது நீண்டது 1885இல்.

கிழமையின் சங்கிலி எங்கும் அறுந்ததே இல்லை என்று சொல்லவும் முடியாது. இன்று இந்த விடுமுறையைக் கொண்டாடும் மாநிலங்களில் ஒன்றான அலாஸ்காவில் அது அறுந்தது. ரஷ்யரிடமிருந்து அமெரிக்கா அதை வாங்கிய 1867இல், அக்டோபர் 6 வெள்ளிக்கு அடுத்த நாள் அக்டோபர் 18, மறுபடியும் வெள்ளி. நாள்காட்டி மாறியதோடு, தேதிக்கோடும் அந்த ஊரைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. ஆசியாவின் பக்கத்திலிருந்து கிழமை எண்ணிவந்த ஊர் அமெரிக்காவின் பக்கத்துக்கு மாறியபோது ஒரு வெள்ளியை இரண்டு தடவை வாழ வேண்டியிருந்தது. சூரியன் தொடாத கணக்கை உலகம் உருண்டை என்ற உண்மை தொட்டுவிட்டது.

கடைசியாக ஒரு தற்செயல். கிரெகோரி விதிப்படி 400 ஆண்டுக்கு 97 லீப் நாட்கள். மொத்தம் 146,097 நாள். இதை ஏழால் வகுத்துப் பாருங்கள். மீதியே இல்லாமல் 20,871 வாரம் வருகிறது. லிலியோவோ கிளாவியஸோ இதற்காகப் பாடுபடவில்லை; அவர்கள் துரத்தியது சூரியனை. ஆனாலும் இதனால் 400 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் இம்மி பிசகாமல் அப்படியே திரும்புகின்றன. 2000ஆம் ஆண்டின் நாள்காட்டியை 2400இல் சுவரில் மாட்டலாம். இன்னொரு விளைவும் உண்டு. 400 ஏழால் வகுபடாது என்பதால் ஒரு தேதியை ஏழு கிழமைகளுக்கும் சமமாகப் பங்கு போட முடியாது. மூன்றாம் திங்களை எடுத்துக்கொண்டால், 400 ஆண்டுகளில் அது 15ஆம் தேதி விழுவது 58 முறை, 16, 17 தேதிகளில் 57 முறை வீதம், 18இலும் 20இலும் 58, 19இல் 56. வாஷிங்டனுக்கு மிக நெருக்கமான 21ஆம் தேதிக்குக் கிடைப்பதும் 56தான். பிப்ரவரி 22 தானே திங்கட்கிழமையாக அமையும் ஆண்டுகள் எவையோ, அவைதான் 15ஆம் தேதிக்குக் கிடைக்கும் அந்த 58. அந்த ஆண்டுகளில்தான் விடுமுறை அவரிடமிருந்து மிகத் தொலைவாக, முழுதாக ஒரு வாரம் முன்னால் போய் நிற்கிறது. 2021இலும் அப்படித்தான் நடந்தது.

அடுத்து 21ஆம் தேதி விடுமுறை வருவது 2028இல். அன்று வாஷிங்டன் நகரில் பிற்பகல் 1.30 மணி ஆகும்போது சென்னையில் நள்ளிரவு தாண்டி பிப்ரவரி 22 தொடங்கியிருக்கும். அங்கே நள்ளிரவு ஆகும்வரை, அதாவது இங்கே காலை பத்தரை வரை, அமெரிக்காவின் வாஷிங்டன் விடுமுறையும் நம்மூர்த் தேதித்தாளின் 22உம் ஒன்றாக ஓடும். இங்கே அது செவ்வாய்க்கிழமை, வேலைநாள்.